அதன் இடது கையில் என்ன இருக்கிறது

பேசக் கூடாது. இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும். இந்த அறையில் எனக்கு இருக்கும் ஒரே விதி அதுதான், அதை அச்செடுத்துக் கதவில் ஒட்டியவனும் நானேதான், ஆகவே யாரையும் நொந்துகொள்ள வழியில்லை. விளையாட வந்தவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஆடுவார், கேமை உருவாக்கியவன் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பான், வாயைத் திறக்க மாட்டான். வந்தவர் வழி தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாலும் சொல்லக் கூடாது, ஏனென்றால் நாளைக்கு இதை வாங்குகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆடுகிறவருக்கு நேரெதிர் விதி, மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். இன்றைக்கு வந்திருப்பவள் மிருதுளா. கல்லூரி அணிக்கு பேட்மிண்டன் ஆடுகிறவள், பன்னிரண்டு நாளாகத் தினமும் காலையில் வந்து எங்கள் கேமை முதலிலிருந்து ஆடி, தண்ணீர் பறிபோன ஏழு ஊர்களைக் கடந்து, இப்போது வறண்ட அணைக்கட்டின் வாசலில் நிற்கிறாள். மணி பதினொன்று இருபது. உள்ளே கடைசி எதிரி இருக்கிறான். கதையில் அவனுக்கு அணைக்காவலன் என்று பெயர், ஆபீசில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பெரியவர் என்றுதான் சொல்வோம். பெரியவர் எப்படி இருக்கார், பெரியவர் எந்திரிச்சாரா, பெரியவருக்குக் காப்பி குடுத்தாச்சா. மூன்று வருட வேலை, முழுக்க என் வேலை, அந்தக் கேலியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இவள் நான்காவது ஆள். முதல் மூன்று பேரும் பெரியவரை முதல் முயற்சியிலேயே வீழ்த்திவிட்டார்கள். அதுவே கேவலம், நாற்பது மணி நேரம் ஆடி வந்தவர் கடைசிச் சண்டையில் நாலைந்து தடவையாவது மண்ணைக் கவ்வ வேண்டும். அதைவிட மோசம் முடிந்த பிறகு அவர்கள் சொன்னது. முதலாமவன், "ஜெயிச்ச மாதிரியே இல்லைங்ணா, அது எனக்கு விட்டுக்குடுத்த மாதிரி இருந்துச்சு" என்றான். இரண்டாவதாக வந்தவர் ஒரு பல் டாக்டர் அம்மா, படிவத்தில் 'வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறது, ஏன்?' என்று எழுதி அந்த ஏனுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். மூன்றாமவனும் அதே சொல். மூவரும் வேறு வேறு வாரத்தில் வந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பெரியவருக்குள் நான் எழுதிவைத்த ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம், விட்டுக்கொடு என்று எங்கேயும் எழுதவில்லை, அப்படி ஒரு குணத்தை எழுதச் சொன்னால் எனக்கு எழுதவும் தெரியாது. பிறகு எங்கிருந்து வந்தது அது? கம்பெனியை நடத்தும் ராகவேந்திரன் நேற்றுச் சாயங்காலம் என் மேசையில் சாய்ந்துகொண்டு, கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை, "குணா, நாளைக்கு வர்ற பொண்ணும் அதையே சொன்னா கடைசிச் சண்டையை பெங்களூர் டீமுக்குக் குடுத்துடறேன், தப்பா நினைச்சுக்காதே" என்றார். தப்பாகத்தான் நினைத்துக்கொண்டேன். விட்டுக்கொடுத்தல் என்ற சொல் வேறு நேற்றிலிருந்து பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்துகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேரம் போர்டு, போரிக் பவுடர் வாசனை, இல்லை, அது இப்போது வேண்டாம். கதவு திறக்கிறது. மிருதுளா நிமிர்ந்து உட்காருகிறாள்.

"உள்ளே போறேன். இருட்டா இருக்கு. தண்ணி இல்லாத அணை, தரையெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. எங்கயோ ஒரு சத்தம். ஆங், அங்க நிக்கறான்." பெரியவர் தூரத்தில் நிற்கிறார், முதுகைக் காட்டிக்கொண்டு. மெதுவாகத் திரும்புவார். இந்தத் திரும்பலுக்கு மட்டும் எனக்கு இரண்டு மாதம் ஆனது. கடைசிச் சண்டை நன்றாக இருக்க வேண்டுமென்றால் எதிரி பெரியதாக இருக்க வேண்டும், நெருப்புக் கக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அவர்கள் வாயில் மண். முதலில் பயம் வர வேண்டும். பிறகு தோற்க வேண்டும், ஆனால் தோற்றது தன் தப்பு என்று தெரிய வேண்டும். அடி வருவது கண்ணில் பட வேண்டும், பட்டும் கை முந்த முடியாமல் போக வேண்டும், அடுத்த தடவை ஒரு மயிரிழையில் முந்த வேண்டும். எல்லாம் அந்த மயிரிழைதான். பெரியவர் வலது கையைத் தூக்குவதற்கும் அது இறங்குவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, அதை ஃபிரேம் கணக்கில் அளப்போம், ஒரு வினாடியை அறுபதாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு ஃபிரேம். எத்தனை ஃபிரேம் முன்னெச்சரிக்கை கொடுப்பது என்பதில்தான் மொத்தச் சண்டையும் இருக்கிறது. மற்றவர்கள் இதற்கு அட்டவணை போடுவார்கள், ஐம்பது பேரை ஆடவைத்துச் சராசரி எடுப்பார்கள். நான் என் கையைக் கேட்பேன். பெரியவர் முன்னால் நின்று பத்துத் தடவை விலகிப் பார்ப்பேன், ஆறு தடவை தப்பித்து நாலு தடவை அடி வாங்கினால் சரியான எண். பதினெட்டு வருடமாக இதுதான் முறை, ஒரு தடவையும் பிசகியதில்லை, இண்டர்வியூவுக்கு வரும் பையன்களிடம்கூட இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்து ஆட்டம் ஆடி எண்ணைத் திருத்தி இந்த நோட்டில் எழுதிவைப்பேன். நோட்டு இப்போது மடியில்தான் இருக்கிறது, நேற்றைய எண் முப்பத்தொன்பது.

"வர்றான். மெதுவா வர்றான். ஐயோ, நடக்கறதே ஒரு மாதிரி இருக்கு." கையில் பிடித்த கன்ட்ரோலரில் அவள் விரல்கள் வேகமாக ஓடுகின்றன, இடது கட்டைவிரல் நகர்வதற்கு, வலது கட்டைவிரல் வாளுக்கு. "வலது கையைத் தூக்கறான், தூக்கறான், இன்னும் தூக்கறான், சரி விலகியாச்சு." அந்த மூன்றாவது தூக்கறானில் ஒரு அலுப்பு இருந்தது. அலுப்பு வரவே கூடாத இடம் அது. ஒரு அடி, இரண்டு அடி, பெரியவருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டும் உயிர்க்கோடு கால்வாசி போயிற்று, அவளுக்கு ஒரு கீறல் இல்லை. "நான் மேட்ச் ஆடறப்ப எதிராளி எந்தப் பக்கம் அசையலைன்னு பாப்பேன், அசையற பக்கம் ஏமாத்தும். இவனுக்கு இடது கை அசையவே மாட்டேங்குது. உடம்போட ஒட்டிட்டுத் தொங்குது. என்னமோ பிடிச்சிருக்கான் அதுல. என்னது அது?" எல்லோரும் கேட்ட கேள்வி. முதலாமவன் சாவி என்றான். பல் டாக்டர் அம்மா எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். இடது கையில் யாரையோ பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது, அந்த ஆள் நம் கண்ணுக்குத் தெரியவில்லை, என்று எழுதியிருந்தார். இடது கையில் ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் வைக்கவில்லை. அந்தக் கை அப்படித் தொங்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, அசைவுகளைச் செய்யும் ஹெப்சிபா ஏதோ அழகுக்காகச் செய்திருக்கிறாள் என்று விட்டுவிட்டேன், பயமாக இருந்தது, பயம் நல்லதுதானே. பேசத்தான் கூடாது, போனில் கேட்கலாம். வலது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். 'பெரியவருக்கு இடது கை ஏன் ஆடலை? நீ வச்சதா?' அனுப்பிவிட்டேன். அவள் இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருப்பாள், ஹெட்போனைக் கழற்றிப் பார்க்க நேரமாகும்.

பெரியவர் நடந்து வருகிறார். ஒரு கை வீசுகிறது, ஒரு கை தொங்குகிறது. இந்த நடையை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், இந்தத் திரையில்தான் பார்த்தேன், வேறெங்கே. எங்கேயும் இல்லை. சிங்காநல்லூர் பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை அரைக் கிலோமீட்டர், அப்பா அங்கே கணக்கு வாத்தியார், அவருக்குப் பின்னால் நடந்து வந்த பையன்கள் ஒருநாள் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள், சார் கண்ணுக்குத் தெரியாத பை ஒண்ணைத் தூக்கிட்டுப் போறார்டா. நான் அப்போது கல்லூரி இரண்டாம் வருடம், அவர்களை அதட்டிவிட்டு, பிறகு நானும் பார்த்தேன், பை இருக்கத்தான் செய்தது. அதற்கு முன்பே கரும்பலகை. வரியை ஆரம்பிக்கும்போது எழுத்து ஆளுயரம், முடிக்கும்போது கடுகு, பின்பெஞ்சில் இருப்பவர்கள் தெரியலைங் சார் என்று கத்துவார்கள். அப்பா சாக்பீசைக் குறை சொன்னார். "இப்ப வர்ற சாக்பீஸ் ஒண்ணும் சரியில்ல, தேயவே மாட்டேங்குது" என்று அம்மாவிடம் சொல்லி, தன் சொந்தச் செலவில் வேறு டப்பா வாங்கிக்கொண்டு போனார், அதிலும் எழுத்து கடுகாகத்தான் வந்தது, அந்தக் கம்பெனியும் கெட்டுப்போச்சு என்றார். பிறகு டாக்டர் அதைப் பார்க்கின்சன் நோய் என்றார், நடுக்கமே இல்லையே டாக்டர் என்றாள் அம்மா, அது அப்புறம் வரும்மா என்றார் அவர், தபால் வரும் என்கிற மாதிரி. வந்தது. நான் இந்த வருடம் கன்ட்ரோலர் மூன்று மாற்றியிருக்கிறேன். இடது பக்கக் குமிழ் இறுகிப்போச்சு, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஒன்று, புதிதும் அப்படியே என்று இன்னொன்று. இப்போது வருகிற கன்ட்ரோலர் ஒன்றும் சரியில்லை. நானேதான் சொன்னேன், போன வாரம், இதே அறையில், சத்தமாக.

போன் அதிர்கிறது. ஹெப்சிபா. 'அது நீங்கதாம்ணே. நீங்க நடக்குத மாதிரியேதான வச்சேன்.' கீழே ஒரு வீடியோ. ஆமாம், ஞாபகம் வருகிறது, இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வோம், ஒரு பாத்திரத்துக்கு நடை வேண்டுமென்றால் ஆபீசில் யாரையாவது வராந்தாவில் நடக்கவிட்டுப் படம் பிடித்து அதைப் பார்த்துச் செய்வார்கள். பலசரக்குக் கடைக்காரனுக்கு எங்கள் செக்யூரிட்டி நடந்தார், இளவரசிக்கு ஹெப்சிபாவே நடந்தாள். பெரியவருக்கு நான். ஏப்ரல் மாதம். கழுத்தில் ஐடி கார்டோடு, ராஜா மாதிரி நடங்கண்ணே என்று அவள் சொன்னதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் வீசி, நன்றாக வீசித்தான் நடந்தேன், வீசியது ஞாபகம் இருக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவைத் தட்டுகிறேன். வராந்தா, தண்ணீர் கேன், தீயணைப்பு உருளை. கோடியில் ஒருவன் திரும்புகிறான், என் சட்டையைப் போட்டிருக்கிறான். வருகிறான். வலது கை வீசுகிறது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து ஓட்டுகிறேன். வலது கை மட்டும்தான் வீசுகிறது. மூன்றாவது தடவை இடது கையை மட்டுமே பார்க்கிறேன், தொடையோடு ஒட்டி, விரல்கள் பாதி மூடி, எதையோ கீழே போட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு வருகிற கை. அப்பாவின் கை. அது என் கையில் கோத்துக்கொண்டு நடக்கிறது. பல் டாக்டர் அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார், யாரையோ கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். பயமாக இருக்கிறது. இதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை, எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது.

இல்லை, வீடியோ என்பது வீடியோ, யார் நடையையும் உற்றுப் பார்த்தால் கோணலாகத்தான் தெரியும். நிதானமாக யோசிக்க வேண்டும். நோட்டைப் புரட்டுகிறேன், எண்களைப் பார்த்தால் மனது நிற்கும், எப்போதும் அப்படித்தான். மார்ச் முதல் வாரம், இருபத்திரண்டு ஃபிரேம், ஆறுக்கு நாலு, கச்சிதம். ஏப்ரலில் இருபத்து நாலு ஃபிரேம். மே மாதத்தில் இருபத்தாறு, பக்கத்தில் 'கேம் எங்கோ மெதுவாகிறது, நிரலைப் பார்க்கச் சொல்லணும்' என்ற குறிப்பு, பார்த்தார்கள், ஒன்றும் மெதுவாகவில்லை. ஜூலையில் முப்பது. செப்டம்பர் முப்பத்து நாலு, 'கன்ட்ரோலர் மாற்றினேன்'. நவம்பர் முப்பத்தொன்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆறுக்கு நாலு, ஆறுக்கு நாலு, ஆறுக்கு நாலு. பெரியவர் என்னிடம் ஒரு தடவைகூட மாறவே இல்லை, எனக்குச் சரியாக அதே அளவு கஷ்டமாக இருந்தார். ஒவ்வொரு பதினைந்து நாளும் நான் கொஞ்சம் பின்தங்கினேன், பெரியவர் எனக்காகக் கொஞ்சம் நின்றார், நிற்கச் சொன்னவன் நான், சொன்னது எனக்குத் தெரியாது. முப்பத்தொன்பது ஃபிரேம் என்றால் முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் கம்மி, இந்தப் பெண்ணுக்கு அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழ முடியும். இவ்வளவுதானா, இது கணக்குப் பிழை, திருத்திவிடலாம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது, நோட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்க்கும் வரை. மார்ச் பக்கத்தில் என் எழுத்து வரிகளைத் தாண்டிக் குதிக்கிறது. மே மாதம் வரிக்குள் அடங்குகிறது. செப்டம்பரில் பாதி வரி. நேற்று எழுதிய பக்கத்தை மூக்கருகே கொண்டுவந்து படிக்க வேண்டியிருக்கிறது. எண் பெருக்கப் பெருக்க எழுத்து சிறுக்கிறது, கடைசிச் சொல் கடுகு. தெரியலைங் சார். பின்பெஞ்சிலிருந்து யாரோ கத்துகிறார்கள், தெரியலைங் சார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இனிமேல் தள்ளிவைக்க முடியாது. அப்பாவுக்கு மருந்து ஆரம்பித்த வருடம், ஞாயிறு மதியம் கேரம் ஆடுவோம், அவர் அடித்தால் சிவப்புக்காய் நூல் பிடித்த மாதிரி போகும் என்று தெருவில் பெயர். இப்போது ஸ்டிரைக்கர் பாதியில் நின்றது. நான் குழி வாசலில் இருக்கும் காயைத் தவறவிட்டேன். மறுபடியும் தவறவிட்டேன். அவர் ஜெயித்தார். மூன்று ஞாயிறு ஜெயித்தார். நான்காவது ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் நிமிர்ந்து, "நீ விட்டுக்குடுக்கறயா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காய்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு, டப்பாவை மூட முடியாமல், என்னிடம் கொடுத்து மூடச் சொன்னார். அதற்கப்புறம் ஏழு வருடம் இருந்தார், போர்டைத் தொடவே இல்லை. பொய் சொன்னதற்காக அல்ல என்று நினைக்கிறேன், பொய் என்று தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாததற்காக. எனக்கு அப்போது அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

"அடப்பாவமே" என்கிறாள் மிருதுளா. நான் திரையைக் கவனித்தே எவ்வளவு நேரமாயிற்று? பெரியவரின் உயிர்க்கோடு நூலாக நிற்கிறது, இன்னும் ஒரே அடி. அவள் அடிக்கவில்லை. வாளை உறையில் போட்டுவிட்டாள். "எனக்கு மனசு வரலைங்க. இவரு சண்டை போடற மாதிரியே இல்ல. கையைத் தூக்கறாரு, நான் போற வரைக்கும் காத்துட்டு இருக்காரு, அப்புறம் எறக்கறாரு. உடம்பு முடியாதவரைப் போயி எப்படி அடிக்கறது?" எப்போது அவன் அவராக மாறினான் என்று நான் கவனிக்கவில்லை. அவள் பின்னோக்கி நடக்கிறாள், பெரியவர் அவளை நோக்கி வருகிறார், ஒரு கை வீசி, ஒரு கை தொங்கி. அவள் நின்றால் அவர் கையைத் தூக்குவார், அவள் விலகுவாள், மறுபடியும் நடை. இப்படி ஒரு முடிவை நான் எழுதவில்லை. இதற்கு முடிவே கிடையாது, பெரியவருக்குக் களைப்பு என்று ஒன்று வைக்கவில்லை, மின்சாரம் இருக்கும்வரை வருவார், இந்தக் காய்ந்த அணைக்குள் சுற்றிச் சுற்றி வருவார், அடிக்க மனமில்லாதவர்கள் எதிரே பின்னோக்கி நடந்துகொண்டே இருக்க. "எங்கயோ கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு" என்கிறாள், குரல் இறங்கிவிட்டது. ஏசியின் சத்தம். அவினாசி ரோட்டில் ஒரு லாரி ஹாரன், யாருடைய பகலோ. நிறுத்து. யாராவது நிறுத்துங்கள். என் இடது கை முழங்காலின் மேல் இருக்கிறது, பாதி மூடி, அதைத் திறக்கச் சொல்கிறேன், திறக்கிறது, கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

"அடிச்சுரும்மா" என்றேன்.

பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. கத்தியதாகத்தான் நினைத்தேன். மிருதுளா திரும்பிப் பார்த்து, "என்னமோ சொன்னீங்களாங்ணா? காதுல விழலை" என்றாள். என் மனைவி பிரபாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஏனுங்க முணுமுணுக்கறீங்க என்று, வீட்டில் மிக்சி ஓடுகிறது, எப்படிக் கேட்கும் என்று நானும் எரிந்து விழுவேன். இங்கே மிக்சி இல்லை. மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து, "அடிச்சுரும்மா, பாவம் பாக்காதே, அது அவமானம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வாளை உருவி, ஒரே அடி. பெரியவர் முழங்காலிட்டு, இடது கை கடைசியாகத் தரையைத் தொட விழுந்தார். இசை ஆரம்பித்தது. வெற்றி என்று எழுத்து வந்தது. நாங்கள் இரண்டு பேரும் துக்க வீட்டில் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"படிவத்துல நெசமாவே எழுதணுமாங்ணா?" என்று தயங்கிக் கேட்டாள். "விட்டுக்குடுத்துட்டாருன்னுதான் எழுதோணும்." எழுத வேண்டாம், கொஞ்சம் இரு என்றேன். எண்ணை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. முப்பத்தொன்பதை அழித்து இருபத்திரண்டு, மார்ச் மாதத்து நான் எழுதிய எண், வேறு யாரை நம்புவது. முதலில் நானே உட்கார்ந்தேன். மிருதுளா ஸ்டூலுக்குப் போனாள், விதி அவளுக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டாள். பெரியவர் திரும்பினார், வந்தார், கையைத் தூக்கினார், அவ்வளவுதான், நான் தரையில் கிடந்தேன். மறுபடியும். கண் பார்க்கிறது, வலது கட்டைவிரல் தயாராக இருக்கிறது, இடது கட்டைவிரலுக்குச் செய்தி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. பத்து ஆட்டம். பத்துக்குப் பத்து. எட்டாவது ஆட்டத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இத்தனை மாதம் கழித்து பெரியவர் முதல் தடவையாக என்னிடம் உண்மை பேசுகிறார். பின்னால் ஸ்டூலில் மிருதுளா இருக்கிறாள். அவள் பார்த்துவிட்டாள், எதிராளியின் எந்தப் பக்கம் அசையவில்லை என்று பார்க்கிறவள், திரையையும் பார்த்திருப்பாள், என்னையும் பார்த்திருப்பாள். இடம் மாறி உட்காரும்போது கன்ட்ரோலரை என் வலது கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், கெட்டிக்காரி.

பிறகு நடந்ததை நான் பார்த்தேன், முழுதாகப் பார்த்தேன். முதல் அடியிலேயே செத்தாள். "அம்மாடி!" இரண்டாவதும். மூன்றாவதில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், செருப்பைக் கழற்றிவிட்டாள், "இருய்யா, இருய்யா உனக்கு" என்று பல்லைக் கடித்தாள், ஐந்தாவதில் பாதி தூரம், ஆறாவதில் நூலிழை வரை வந்து செத்து மேசையைக் குத்தினாள். ஏழாவது தடவை பெரியவர் வலது கையை வீசும்போது விலகி ஓடாமல், உள்ளே புகுந்து, அந்தத் தொங்கும் கையின் பக்கமாகச் சுற்றிவந்து, விலாவில். விழுந்தார். மிருதுளா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கத்திய கத்தலில் ராகவேந்திரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இதுதாங்ணா! இதுதாங்ணா சண்டை!" கண்ணெல்லாம் பளபளக்கிறது, மூச்சு வாங்குகிறது. "அந்த இடது கையை மட்டும் மாத்திராதீங்க. அங்க ஒண்ணுமே இல்லைன்னு இப்பத்தான் புரிஞ்சுது. அங்கதான் அடிக்கோணும்." சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது. நான் பரவாயில்லை என்று தலையசைத்தேன். ராகவேந்திரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார், பெங்களூர் பேச்சு இனி இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஹெப்சிபா கேட்டிருந்தாள், 'கையை ஆட வைக்கட்டுமாண்ணே? ரெண்டு நாள் வேலதான்.' வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று தட்டினேன். நோட்டில் இருபத்திரண்டு என்று எழுதினேன், பக்கம் கொள்ளாத அளவு பெரிதாக எழுத நினைத்து, முதல் எழுத்து பெரிதாகவே வந்தது. பிறகு வராந்தாவுக்கு வந்தேன். தண்ணீர் கேன், தீயணைப்பு உருளை, எல்லாம் ஏப்ரலில் இருந்த இடத்தில். பிரபாவுக்குப் போன் போட்டேன், அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம், எடுப்பாள். சில மாதமாகக் காலையில் என் சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிடுகிறாள், கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடைவீதிக்குப் போகும்போது முன்னெல்லாம் விறுவிறுவென்று நடந்து என்னை ஓடவிடுவாள், இப்போது ஒவ்வொரு புடவைக்கடை வாசலிலும் நின்று வேடிக்கை பார்க்கிறாள், புடவை ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே தேதியில் ஆரம்பிக்கிறது.

"சொல்லுங்க, சாப்ட்டாச்சா?" என்றாள்.

"பிரபா, நீ என்கூட நடக்கறப்ப மெதுவா நடக்கறயா?"

அந்தப் பக்கம் பிள்ளைகள் இரைச்சல். தட்டுகள். அவள் எங்கோ எழுந்து போவது கேட்டது, ஒரு கதவு சாத்தப்பட்டது. நான் காத்திருந்தேன். இல்லைங்க என்று சொல்வதற்கு அவளுக்கு நேரம் இருந்தது, வேண்டிய மட்டும் இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம் வந்தது, அவர் அன்றைக்கு என்னிடம் எதைக் கேட்டார் என்பது இவ்வளவு வருடம் கழித்து இந்த வராந்தாவில் விளங்கியது.

"ஆமாங்க" என்றாள் பிரபா. "ஆறு மாசமா." அப்புறம் அழுதாள். நான் போனை வலது காதோடு அழுத்திக்கொண்டு, டாக்டரை இன்னைக்கே பார்த்துடலாம், நீ கிளம்பி வா, வேகமா நடந்து வா என்று சொன்னேன்.